அக்காவுக்கு ஒரு பிஸ்டன்

மெக்கானிக் ரஹ்மத் பாய் தன் ஷெட்டில் இருந்த நீள பெஞ்சின் மேல் பழைய போர்வையை விரித்து, பன்னிரண்டு பிஸ்டன்களை மூன்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பலகாரத் தட்டு வைப்பார்களே, அந்த லட்சணத்தில். எல்லாம் புத்தம் புதுசு. பெட்டியிலிருந்து எடுத்த எண்ணெய்ப் பிசுக்கு கூடப் போகவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வெள்ளை அங்கியும் முக்காடுமாக என் அக்கா சிஸ்டர் செலின், ஆட்டோக் கம்பியைப் பிடித்து ஒரு காலை ஊன்றி இறங்கினாள். பாய் காதில் சொருகியிருந்த பீடியை எடுத்துச் சட்டைப் பையில் ஒளித்தார்.

"வாங்க சிஸ்டர். உங்களுக்காகத்தான் வேலையே நிக்குது. பார்த்து ஒண்ணு எடுங்க."

இடது பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் சூசை அண்ணன். வலது பக்கம் ஒரு லாரி டயர் மேல் தம்பி அருளப்பன். நடுவில் நான். இருவருக்கும் இடையே நாலடி தூரம் கூட இருக்காது.

"லீமா, செலின யாரும் வற்புறுத்தக் கூடாதுன்னு அவன்ட்ட சொல்லு" என்றார் அண்ணன் என்னிடம்.

"அக்கா, நான் ஒண்ணும் வற்புறுத்தலீங்கன்னு அவருகிட்ட சொல்லிருங்க" என்றான் தம்பி, அவனும் என்னிடம்.

அக்கா பிஸ்டன்களைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். மறுபடியும் பிஸ்டன்களைப் பார்த்தாள்.

"இது என்னடி கூத்து?"

நியாயமான கேள்வி. என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்கள் குடும்பத்தில் ஒருத்தராவது ஒழுங்காக இருக்க மாட்டார்களா?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வாசகி அம்மா, இந்த வாரத்தையும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

வெங்காய வாடை

அப்பா வெங்காயக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். வண்டி அம்பாசிடர். சாம்பிள் மூட்டைகளைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் வருவார். திருவிழாவுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பூ வைத்து, பவுடர் அடித்து அதில் ஏறினாலும், கோயில் வாசலில் இறங்கும்போது வெங்காய வாடையோடுதான் இறங்குவோம். இன்றைக்கும் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் முதலில் வருவது அந்த வாடைதான்.

அக்கா கன்னியர் மடத்தில் சேரப் போனதும் அந்த வண்டியில்தான். அம்மா வழி நெடுக அழுதாள். அக்கா அழவில்லை. "அப்பா, மூணாவது கியர்ல என்னமோ சத்தம் வருதுப்பா, பாருங்க" என்றாளாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்காகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அப்பா காலமான பிறகு ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் இருந்த நிலத்தைப் பங்கு பிரித்தோம். சொத்தே வைத்துக்கொள்வதில்லை என்று ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவள் என்பதால் அக்கா தனக்கு எதுவும் வேண்டாம் என்றாள். அண்ணன் அப்போது பத்திர எழுத்தர். எல்லாவற்றையும் முழம் போட்டுப் பிரித்தவர், வண்டியை மட்டும் 'நால்வருக்கும் பொது' என்று எழுதினார். அது அப்பாவின் ஆசை.

கிணறும் பொது. கிணற்று மோட்டார் ரூமுக்குச் சாவி ஒன்றே ஒன்று. அது யாரிடம் இருப்பது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு நாள் வாய்த்தகராறு வந்தது. இன்னொரு சாவி செய்ய எவ்வளவு நேரம் ஆகப் போகிறது? பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். வருஷங்கள் ஓடிவிட்டன. தம்பி மாமனாருடைய தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு பாலசமுத்திரத்திலேயே தங்கிவிட்டான். அவன் பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சாக மாறிவிட்டது.

இரண்டு பேரும் என்னோடு பேசுவார்கள். அண்ணன் என்னைத் தம்பி கட்சி என்பார். தம்பி என்னை அண்ணன் கட்சி என்பான். நான் எந்தக் கட்சியிலும் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

வண்டி எங்கள் பழைய வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. எலிகள் குடித்தனம் நடத்தின.

போனில் வந்த உத்தரவு

அக்கா மடத்திலிருந்து போன் செய்தாள்.

"லீமா, வர்ற மாசம் எனக்குத் துறவறப் பொன்விழா. அது முடிஞ்ச கையோட என்னைய வடக்க அனுப்புறாங்கடி. வயசான சிஸ்டருங்க இருக்கிற வீடு. போனா அம்புட்டுத்தான், இனி இந்தப் பக்கம் வர மாட்டேன்."

நான் அழ ஆரம்பித்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"அன்னிக்கு நீங்க மூணு பேரும் அப்பா வண்டியில ஒண்ணா வந்து என்னையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். தனித்தனியா வந்தீங்கன்னா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவேன். அண்ணன்கிட்டயும் சின்னவன்கிட்டயும் சொல்லிரு."

நான் சொன்னேன். அண்ணன் முதலில் நாள், கிழமையைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "வண்டியைத்தான ஓட வைக்கணும்? வச்சிருவோம்" என்றார். தம்பியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை.

பங்காளிகளின் இன்ஜின்

பேகம்பூரில் ரஹ்மத் பாயின் ஷெட்டுக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். பாய் இன்ஜினை இறக்கிப் பிரித்துப் போட்டு, "முழுசா செத்துருச்சு. ஆனா எழுப்பிரலாம்" என்றார். ஈஸ்டருக்குச் சாமியார் பேசுவது போல இருந்தது.

அப்போது அண்ணன் ஒரு சட்டம் போட்டார். பணமாக யாரிடமும் கொடுக்க வேண்டாம், அவரவர் பங்குக்கு அவரவரே பொருளாக வாங்கி வர வேண்டும். தம்பி உடனே ஒத்துக்கொண்டான். அவர்கள் ஒத்துப்போவதே அபூர்வம் என்பதால் நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

ஸ்பார்க் பிளக் நாலு, ஆளுக்கு ஒன்று. வால்வு எட்டு, ஆளுக்கு இரண்டு. மெயின் பேரிங் மூன்றுதான் என்று பாய் சொன்னதும் எல்லோரும் திகைத்தோம். உலகத்தைத் துறந்தவளுக்கு பேரிங் எதற்கு என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். சரியாகப் போயிற்று.

சிலிண்டர் நாலு. பிறந்த வரிசைப்படி முதல் சிலிண்டர் அண்ணனுக்கு, இரண்டாவது அக்காவுக்கு, மூன்றாவது எனக்கு, நாலாவது தம்பிக்கு. முதல் சிலிண்டர் ஃபேனுக்குப் பக்கத்தில் இருப்பதால் காற்று முதலில் அண்ணனுக்குத்தான் கிடைக்கும் என்று தம்பி என்னிடம் குறைப்பட்டான். நான் இதைப் பொய்யாகச் சொல்லவில்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கும், பேரன் எடுத்த மனுஷன் சொன்னது.

பாய் வேறு சும்மா இருக்காமல், சிலிண்டர்கள் ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்ற வரிசையில்தான் வெடிக்கும் என்று சொல்லி வைத்தார். அதாவது அண்ணனுக்குப் பிறகு நான், என் பின்னால் தம்பி, கடைசியாக அக்கா.

"சின்னவன் முடிஞ்சப்புறம் செலினா? அவ எனக்கு அடுத்தவய்யா. மாத்திப் போடுங்க பாய்."

"சார், அது இன்ஜின் ஜாதகம். கம்பெனிக்காரனே வந்தாலும் மாத்த முடியாது."

அண்ணன் அரைமனதோடு விட்டார்.

நான் வாங்கிய நாற்பது

பிஸ்டனில்தான் ஏழரை ஆரம்பித்தது. அது தனியாக விற்காது. நாலு சேர்ந்த பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்றைக் கொடுக்க ஆளுக்கு நாலு வாங்கினோம்.

இதில் சைஸ் என்று ஒன்று உண்டு. ஓடி ஓடி சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்து அகலமாகும். அதை லேத்தில் கொடுத்துக் கடைந்து, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டனாகப் போட வேண்டும். புது வண்டிக்குப் போடுவது ஸ்டாண்டர்டு. தேய்மானம் ஏற ஏற இருபது, நாற்பது, அறுபது என்று போகும்.

அண்ணன் மதுரைக்குப் போய் ஸ்டாண்டர்டு வாங்கி வந்தார். அப்பா வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டுமாம். தம்பி கோயமுத்தூருக்குப் போய் இருபது வாங்கினான். அண்ணனுடையதை விட ஒரு படி பெரிதாக இருக்க வேண்டுமாம்.

நான் என்ன செய்வேன்? ஸ்டாண்டர்டு வாங்கினால் அண்ணன் கட்சி. இருபது வாங்கினால் தம்பி கட்சி. நம்மூர்க் கடையிலேயே நாற்பது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு வம்பிலும் மாட்டாமல் தப்பித்தோம் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். எங்களோடு இன்னொரு ஆள் பிறந்திருந்தால் அது அறுபது வாங்கியிருக்கும்.

மூன்று பெட்டியும் ஷெட்டுக்கு வந்ததும் பாய், "நாலு சிலிண்டருக்கும் ஒரே சைஸ்தான் போடணும்" என்றார். அப்படியானால் யாருடையது? அண்ணன் விடவில்லை. தம்பி விடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, நானும் விடவில்லை. அவர்கள் முறைத்துக்கொள்வார்கள், நான் மட்டும் இளிச்சவாயா?

கடைசியில் இப்படி முடிவானது. அக்காவுக்கும் ஒரு சிலிண்டர் இருக்கிறது. அவள் பிஸ்டன் வாங்கவில்லை. வந்து மூன்று வரிசையிலிருந்து தனக்கு ஒன்றை எடுக்கட்டும். எந்த வரிசையில் எடுக்கிறாளோ அந்தப் பெட்டி இன்ஜினுக்கு. பொன்விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அக்கா கேட்ட கேள்வி

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா நின்றுகொண்டே கேட்டாள். அவள் கை எந்தப் பக்கம் நீளப் போகிறது என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை வருஷ நிலத் தகராறில் அவள் யார் பக்கமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது ஒரு பிஸ்டனை எடுத்தால் மற்ற இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வர மாட்டார்கள். எடுக்காவிட்டால் வண்டியே வராது.

அவள் பிஸ்டனைத் தொடவில்லை. பாய் பக்கம் திரும்பினாள்.

"ஏன் பாய், இந்த இன்ஜினுக்கு எந்த சைஸ் வேணும்?"

பாய் தலையைச் சொறிந்தார். "அறுபது சிஸ்டர்."

"இதுல அறுபது எது?"

"இதுல இல்ல."

எனக்கு வந்ததே கோபம்!

"யோவ் பாய்! இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யாரும்மா கேட்டீங்க? சார் வந்தாரு, 'சின்னவன் என்ன சைஸ் வாங்குறான்'னு கேட்டாரு. தம்பி வந்து, 'அண்ணன் என்ன வாங்கினாரு'ன்னு கேட்டாரு. நீங்க வந்து, 'ரெண்டு பேரும் என்ன வாங்கியிருக்காங்க'ன்னு கேட்டீங்க. இன்ஜினுக்கு என்ன வேணும்னு ஒரு ஆளாச்சும் கேட்டீங்களா?"

"கேக்காட்டி சொல்லக் கூடாதா?"

பாய் கொஞ்சம் நெளிந்தார். உண்மை என்னவென்றால், அவரைத் தன் பக்கம் இழுக்க அண்ணன் தினமும் பக்கோடா கொண்டுவந்தார். தம்பி இளநீராக இறக்கினான். நான் பரோட்டாவும் மட்டன் சால்னாவும் வாங்கிக் கொடுத்தேன். மனுஷன் அந்தச் சுகத்தைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். முக்காடு நழுவ, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்கள் மூவருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடை வாசலில் செபமாலை

பிறகு அவள் பன்னிரண்டு பிஸ்டன்களையும் பெட்டிகளில் போடச் சொன்னாள். "தூக்குங்க" என்றாள். ஆளுக்கொரு பெட்டியோடு அவள் பின்னால் போனோம். நேராக நான் நாற்பது வாங்கிய கடைக்கே போனாள்.

"தம்பி, இந்தப் பெட்டி மூணையும் வச்சுக்கிட்டு எனக்கு அறுபதுல ஒரு பெட்டி குடுங்க."

கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "சிஸ்டர், வித்த சாமானைத் திருப்பி எடுக்கிறதில்ல. அதுல ரெண்டு பெட்டி நம்ம கடைச் சாமானே இல்ல. அம்பாசிடருக்கு இப்ப யாரு பிஸ்டன் கேக்குறா?"

"பரவாயில்ல தம்பி. உங்களுக்கு மனசு வரும்போது குடுங்க. செத்த நேரம் உக்காந்திருக்கேன்."

கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து செபமாலையை எடுத்துவிட்டாள். அக்கா ஐம்பது வருஷம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்காக அரிசிக்கும் நோட்டுக்கும் வாசல் வாசலாக ஏறியவள். உட்காரத் தெரியும். ஆயில் வாங்க வந்த டிராக்டர்காரர் அவளைத் தாண்டி உள்ளே போகக் கூச்சப்பட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவரைப் பார்த்து அடுத்து வந்தவரும் கழற்றினார். செருப்புகள் சேரச் சேர, போகிற வருகிறவர்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அண்ணன் பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கடைக்காரர் பரண் மேல் ஏறினார். தூசியும் தும்மலுமாக ஓர் அட்டைப் பெட்டியோடு இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"சிஸ்டர், அறுபது இதுதான் கடைசி. எடுத்துக்கங்க. எந்திரிச்சுருங்க."

திரும்பும் வழியில் ஆட்டோவில் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். "ஏன் செலின், உனக்குன்னு சொத்து கிடையாதே. உனக்கு யாராச்சும் எது குடுத்தாலும் மடத்துக்குத்தான சேரும்?"

"ஆமா."

"அப்ப நாலு பிஸ்டனும் மடத்துச் சொத்தா?"

"ஆமா. அதனால அதுல யாருக்கும் பங்கு கிடையாது. நல்லதாப் போச்சு போ."

பத்திர எழுத்தரான அண்ணனால் இதை ஜீரணிக்கவே முடியவில்லை. வண்டி நால்வருக்கும் பொது, உள்ளே ஓடுவது மடத்துக்குச் சொந்தம். இதை எப்படி எழுதுவது என்று ஷெட் வரும்வரை முணுமுணுத்தார்.

கொடைரோடு

பாய் இன்ஜினைப் பூட்டிக் கொடுக்க, பொன்விழாவன்று அப்பா வண்டியிலேயே போனோம். தம்பி ஓட்டினான். முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் அக்கா, பின்னால் அண்ணனும் நானும். அக்கா எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஒரே வண்டியில் இருந்தும் அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பூசையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் நான். சாப்பாட்டுப் பந்தியிலும் அப்படியே. அக்காவின் முகம் வாடிவிட்டது. எனக்கு இரண்டு பேரையும் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

மறுநாள் காலை ரயில். திண்டுக்கல் ஸ்டேஷனில் ஏற வேண்டியவள், "கொடைரோட்டுல கொண்டுபோய் ஏத்தி விடுங்க" என்றாள். ரயில் அங்கே நின்றுவிட்டுத்தான் திண்டுக்கல்லுக்கு வரும். வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டேஷனை வைத்துக்கொண்டு எதிர்த் திசையில் அவ்வளவு தூரம் போவானேன் என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் எங்களோடு உட்கார்ந்திருக்கத்தான் கேட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். புது இன்ஜின் பழகும்வரை ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று பாய் சொல்லியிருந்ததும் சௌகரியமாகப் போயிற்று. மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து போனோம்.

ரயில் வந்தது. ஏறினாள். ஜன்னல் வழியாக ஆளுக்கொரு சிலுவை அடையாளம் நெற்றியில் போட்டாள். "நல்லா இருங்க" என்றாள். ரயில் போய்விட்டது.

திரும்பும்போது முன் சீட் காலியாக இருந்தது. அண்ணன் பின்னாலேயே உட்கார்ந்தார். அம்பாத்துரை தாண்டியதும் ரோட்டை ஒட்டித் தண்டவாளத்தில் ஒரு ரயில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது. அக்காவின் ரயில்தான். நாங்கள் அதன் பக்கவாட்டில் ஊர்ந்து போகும்போதே அது மெல்ல நகர்ந்தது. ஒவ்வொரு பெட்டியாக எங்களைத் தாண்டியது.

அண்ணன் சீட்டை விட்டு எழும்பினார். தம்பியின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"மிதிடா! திண்டுக்கல்லுல பிடிச்சிரலாம், மிதி!"

தம்பி ஒரு விநாடி கண்ணாடியில் அவரைப் பார்த்தான். பிறகு மிதித்தான். இன்ஜின் அலறியது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது. நான் சர்வேசுரனையும் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷன் வாசலில் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு ஓடினோம். ஓடினோம் என்றால், எங்கள் வயசுக்கு ஓடினோம். மேம்பாலப் படி ஏறி மறுபக்கம் இறங்கியபோது ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க நின்றோம். அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார்.

"பைபாஸ்ல அந்த லாரிக்குப் பின்னாடி என்னத்துக்குடா பதுங்குன?"

"முந்தறதுக்கு எடம் எங்கீங்க இருந்துச்சு? மேலயே ஏறிப் போகச் சொல்றீங்களா?"

"நான் ஓட்டியிருந்தா போயிருப்பேன்."

"நீங்க ஓட்டுவீங்க! படியேறவே அம்புட்டு நேரம். உங்களாலதான் போச்சு!"

"என்னாலயா? அன்னிக்குக் கிணத்தடியிலயும் இப்படித்தான் வாய் பேசுன!"

"கிணத்தப் பத்திப் பேசாதீங்க. சாவிய இடுப்புல சொருகிட்டுத் திரிஞ்சது யாருங்க? என் கத்திரி பூராத்தையும் காய விட்டது யாருங்க?"

"ஒரு தடவை வந்து வாய் விட்டுக் கேட்டியாடா? கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?"

அண்ணனின் குரல் உடைந்தது. தம்பியும் விடவில்லை. போர்ட்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீ விற்கிறவர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருஷம் இருவரும் உள்ளே பூட்டி வைத்திருந்தது அத்தனையும் ஒருத்தர் முகத்தைப் பார்த்து ஒருத்தர், டேய் என்றும் நீங்க என்றும், வந்துகொண்டே இருந்தது.

நான் போனை எடுத்து அக்காவுக்கு அடித்தேன். எடுத்தாள். போனை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தேன்.

"என்னடி சத்தம்?" என்றாள் அக்கா.

"அண்ணனும் அருளப்பனும் சண்டை போடுறாங்க. நேருக்கு நேரா."

மறுமுனையில் ரயில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"விலக்கி விட்டுறாதடி" என்றாள். "போனை அப்படியே பிடி. நான் செத்த நேரம் கேட்டுக்கிறேன்."